கிள்ளானுக்கு எவ்வளவு நேரம்

கிள்ளான்
3 மார்ச் 2025

அன்புள்ள யுகேந்திரா,

வாட்சாப்பில் "ம்" போட்டே என்னை ஓட்டிவிடுகிறாய். அதனால்தான் மின்னஞ்சல். பெட்டாலிங் ஜெயா மென்பொருள் நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமே, சொன்னாயா? "பொண்ணு கேட்டு எப்பதான் வராங்களாம்?" என்று நேற்று அப்பா கேட்டார். நீ சொன்னபடியே, "சித்திரைக்கும் தைக்கும் நடுவுலப்பா" என்றேன். "அது வருசம் முழுக்க லா" என்று எழுந்துபோய்விட்டார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

உன் ஷாமினி

பிரிக்பீல்ட்ஸ்
4 மார்ச் 2025

அன்பு ஷாமினி,

கோபித்துக்கொள்ளாதே. இன்றுதான் அந்தக் குவான்ட் நிறுவனத்தின் நேர்முகம் முடிந்தது. மென்பொருள் வேலை என்றால் ஓரிடத்தில் விட்டாலும் பத்து இடத்துக்கு மனுப் போடலாம். கணக்குப் போட்டே பங்குச்சந்தையில் வியாபாரம் செய்யும் இவர்களுக்கோ வருடத்துக்கு இரண்டு பேர் போதும். வந்தவர்களில் பாதிப் பேர் கணித ஒலிம்பியாட்டில் பதக்கம் வாங்கியவர்கள்.

கடைசிச் சுற்றில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். எதைக் கேட்டாலும், பங்குக்கு வாங்கும் விலை, விற்கும் விலை சொல்வதுபோல, குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று சொல்ல வேண்டும்; சரியான விடை அதற்குள் இருக்க வேண்டும். இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும். "கேஎல் சென்ட்ரல்ல இருந்து கிள்ளானுக்கு ரயில்ல எவ்வளவு நேரம்?" என்றார்கள். பயத்தில், "அரை மணியிலிருந்து மூணு மணி" என்று உளறிவிட்டேன். எதிரில் இருந்த நம்மவர் ஒருவர், "நீங்க தப்பே பண்ண மாட்டீங்க பாஸ். ஆனா உங்ககூட யாரும் வியாபாரமும் பண்ண மாட்டாங்க" என்று சிரித்தார். வேலை இல்லை. இன்னும் ஒரு வருடம் இதற்கே படித்துப் பார்க்கட்டுமா? கல்யாணத்தை அப்புறம் பேசுவோம்.

யுகேந்திரன்

கிள்ளான்
5 மார்ச் 2025

யுகேந்திரா,

சிரித்தேன், பிறகு அழுதேன். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அந்த ரயிலில்தானே வருகிறாய்? ஏறியதும் செய்தி போடுவாய். நான் உலை வைத்து, சோறு வடித்து, அப்பளம் பொரிக்கும்போது வாசலில் நிற்பாய். உனக்கா தெரியாது? தப்பாகிவிடுமோ என்று பயம். என் விஷயத்திலும் அதே பயம்தான்.

எந்த வேலைக்குப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பத்து வருடம் குவான்டுக்கு முயன்றாலும் கூட இருப்பேன், உன் மனைவியாக. கல்யாணத்துக்கு ஒரு நாள் சொல். சொல்ல முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வராதே.

ஷாமினி

பிரிக்பீல்ட்ஸ்
7 மார்ச் 2025

என் ஷாமினிக்கு,

பெட்டாலிங் ஜெயா வேலைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். குவான்ட் ஆசை போகவில்லை, வேலை பார்த்துக்கொண்டே படிப்பேன்.

கல்யாணம் ஆகஸ்ட் முப்பத்தொன்று. சுதந்திர தினம், ஊருக்கே விடுமுறை. ஜோசியர் முகத்தைச் சுளித்தாலும் மாற்ற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பாவோடு பெண் கேட்கத் தட்டு எடுத்துக்கொண்டு பத்து மணி ரயிலில் ஏறுகிறோம். உன் அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல். பதினொன்றேகாலுக்கு இறங்குவோம். அரை மணியும் இல்லை, மூன்று மணியும் இல்லை.

உன் யுகேந்திரன்