லாபம் என்று எழுதிய பிளாப்பி

இன்று காலை என் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ‘காப்பு நகல் எடுக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.’ பேரனின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விடுமோ என்று மருமகள் பதறினாள். எனக்குப் படங்கள் நினைவுக்கு வரவில்லை. உன் முகம்தான் வந்தது.

உன் காரியம்கூட இன்னும் முடியவில்லை. சாவுச் செய்தி சொல்ல வந்தவரிடம் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வந்திருந்தால் எல்லோரும் உன்னைத் தங்கமான மனுஷி என்று பேசிக்கொண்டிருப்பார்கள், நானும் தலையாட்ட வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இனி நீ பதில் சொல்லவேண்டிய தொல்லை இல்லை. இருந்த காலத்திலும் நீ சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஆரணியில் கம்ப்யூட்டர் என்றால் தேர் பார்ப்பதுபோல் வந்து பார்ப்பார்கள். நம் முதலாளி பட்டு வியாபாரி. சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து, சேலையாக வாங்கிக்கொள்பவர். முள்ளிப்பட்டில் என் அப்பா நெய்ததும் அவர் கொடுத்த பாவைத்தான். எந்தத் தறியில் எந்தப் பாவு ஓடுகிறது, யாருக்கு என்ன பார்டர் கொடுத்தது என்பதையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஏற்றவேண்டும் என்று அவருக்கு ஆசை. வேலூரில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்த நம் இருவரையும் சேர்த்துக்கொண்டார். நான் தறிக்காரன் மகள், நீ அரிசி மண்டியில் அளக்கிறவரின் மகள். ஏசி அறை, வாசலில் செருப்பு, ஆயுத பூஜைக்குத் திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ராணிகள் மாதிரி இருந்தோம்.

நான் விவரங்களை ஏற்றுவேன். சனிக்கிழமை தோறும் அதையெல்லாம் பிளாப்பிகளில் பேக்கப் எடுப்பது உன் வேலை. ஒரே பிளாப்பியில் அடங்காது, ஒன்று நிறைந்ததும் அடுத்ததைப் போடு என்று அது கேட்கும். ‘ஏதாவது ஒரு விசையை அடி’ என்று ஆங்கிலத்தில் வரும்போதெல்லாம் நீ நிஜமாகவே கீபோர்டைப் பட்டென்று ஒரு அடி அடிப்பாய். “அதுவே அடின்னு சொல்லுதுடி, நான் இன்னா பண்ணட்டும்?” என்பாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அந்தச் சிரிப்பை நான் மறுக்கவில்லை. அது இல்லாமலிருந்தால் மற்றதை மறந்துவிட்டிருப்பேன்.

நீ கல்யாண விடுப்பில் வெம்பாக்கம் போன அதே வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்து, ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. வேலூர் ஆள் வந்து புதியது மாட்டிவிட்டு, “பேக்கப் இருக்குதில்லம்மா, திருப்பி ஏத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொஞ்சமும் பயப்படவில்லை. உன் வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஏற்றச் சொன்னதும் முதல் பிளாப்பியைப் போடு என்றது. நீ வைத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்தேன். உன் கையெழுத்தில் இரண்டு இருந்தது, மூன்று இருந்தது, வரிசையாகக் கடைசி வரை இருந்தது. ஒன்று இல்லை. மேஜை டிராயர்களைக் கவிழ்த்தேன். ஏசிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் இரண்டைப் போட்டேன். ‘எச்சரிக்கை. வரிசை தப்பியிருக்கிறது. மாற்றவும், சரியென்றால் தொடரவும்’ என்றது. தொடர்ந்தேன். எதுவும் ஏறவில்லை. பிளாப்பி டிரைவைத் துடைத்தேன், வேறு டிரைவில் போட்டேன், அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். விவரம் முழுவதும் ஒரே நீளக் கோப்பு, அதன் தலை முதல் பிளாப்பியில் இருக்கிறது. தலை இல்லாமல் அது உடம்பை ஏற்காது. வரிசை தப்பியிருக்கிறது, வரிசை தப்பியிருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய், “ஒண்ணாம் நம்பர் பிளாப்பி காணோங்க. உங்ககிட்ட எதுனா கீதுங்களா?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட ஏது? எங்கிட்ட கீறது லாபக் கணக்கு. அது இரும்புப்பெட்டில பத்திரமா கீது.”

லாபக் கணக்கை நாம் ஏற்றியதே இல்லையே என்று எனக்குக் குழப்பம். தனியாக நீ ஏதாவது செய்து கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அதையும் ஒரு தரம் போட்டுப் பாக்கறேங்க, கலந்துபோயி இருக்கலாம்” என்றேன்.

அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். “தறிக்காரன் பொண்ணுக்கு என் லாபம் எதுக்கு? அதத்தான் தேடிகினு இருந்தியா இத்தினி நாளா?”

“வெம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பி அவளைக் கேளுங்க” என்று கெஞ்சினேன். “கல்யாண வூட்ல போயி பேஜார் பண்ணச் சொல்றியா?” என்றார். காணாமல் போனது ஒன்று, நான் கேட்டது இன்னொன்று. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். முதல் பிளாப்பியை வேறு பட்டுக் கடைக்காரனுக்கு விற்றுவிட்டேன், அடுத்ததாக லாபக் கணக்கில் கைவைக்கப் பார்த்தேன் என்றார். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்க இதுதான் பேச்சு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் அப்பாவுக்குப் பாவு கொடுப்பதையும் நிறுத்தினார். தீபாவளி நெருங்கும் நேரத்தில், ஊரெல்லாம் தறிச் சத்தம் கேட்கும்போது, எங்கள் தறி மட்டும் வெறுங்குழியாகக் கிடந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நீ திரும்பி வந்தாய். வந்த அன்றே கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். “அவ கெடுத்தா, இவ வந்து சரி பண்ணா” என்று பக்கத்துத் தறிவீட்டு அம்மா என் காதுபடவே சொன்னாள். சரியானால் என் பெயரும் சரியாகியிருக்கும், நீ எல்லாம் சொல்லியிருப்பாய், முதலாளி ஆள் அனுப்புவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பிறகொரு நாள் அம்மாவோடு அரிசி வாங்க ஆரணி மண்டிக்கு வந்தேன். உன் அப்பாதான் அளந்துகொண்டிருந்தார். முதல் மரக்காலைக் கோணியில் கொட்டி, “லாபம்” என்று ராகமாக இழுத்தார். அடுத்ததற்கு “ரெண்டு.” அதற்கடுத்து “மூணு.” பிறந்ததிலிருந்து கேட்ட சொல்தான். அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை, மங்கலமாக லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ஏசி அறைக்குள் அந்த வழக்கம் நுழைந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அம்மா கூப்பிடக் கூப்பிட, கோணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நீ கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். கழுத்தில் புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூடக் கலையவில்லை.

“ஒண்ணாம் பிளாப்பி மேல இன்னாடி எழுதின?” என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. “லாபம்னு எழுதினேன். அப்பா பழக்கம், கை தானா எழுதிடிச்சி. நான் வெம்பாக்கம் போனதும் மொதலாளி பொட்டியத் தொறந்து பாத்திருக்காரு. லாபம்னு பாத்ததும் தூக்கி இரும்புப்பெட்டில வெச்சிட்டாரு. அது மேல பொட்டெல்லாம் வெச்சிகீறாருடி.”

“அப்ப தெரிஞ்சதும் சொன்னியா?”

“கேட்டு வாங்கிப் போட்டேன். சரியாப்பூடுச்சி. அவர் பூட்டி வெச்சதாலதான் உன்னால அத எடுக்க முடியலன்னு நெனச்சிகினாரு. அதுதான் ஒண்ணாம் நம்பர்னு நான் சொல்லல.” பிறகு என் கையைப் பிடித்தாய். “வேலைக்குப் போறவன்னுதான்டி என்னைக் கட்டினாங்க. என் தப்புன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாரு. உனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நீ வேற எடம் பாத்துக்கலாம்.”

கையை உதறினேன். பிளாப்பியின் மேல் அப்படி எழுதியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அது யாருக்கும் வரக்கூடிய தப்பு. நல்லது நடக்கட்டும் என்று எழுதியது. அந்தத் தப்பை மூட என்னை எடுத்துப் பள்ளத்தில் போட்டு நிரப்பினாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நானே உள்ளே போய்க் கத்தியிருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவளின் பேச்சை எடுத்துக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்? நீ சொன்னால்தான் உண்மை.

மெட்ராஸில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். அப்பா வேறு முதலாளியிடம் சாதாரண ரகத்துக்குப் பாவு வாங்கி நெய்தார். பெரிய பார்டர் சேலை அவர் கைக்கு மறுபடி வரவேயில்லை. என் பெயரோடு சேர்ந்து அவர் பெயரும் கெட்டது.

வருஷங்கள் கழித்து ஒரு முறை ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சிடுடி” என்றாய். “இங்க இன்னாத்துக்குச் சொல்ற? அங்க போயி சொல்லு, அவர் உசுரோடதான் கீறாரு” என்றேன். சரி என்று தலையாட்டினாய். போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். என் அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது நீ.

நம் வேலையில் முதலில் கற்றுக்கொடுத்தது என்ன? எதையும் இரண்டு இடத்தில் வைத்திருக்கவேண்டும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். நான் எதையும் திருடவில்லை என்பது இரண்டு இடத்தில்தான் இருந்தது, உன்னிடமும் என்னிடமும். ஊர் நம்பியிருக்கக்கூடியது உன்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். என்னிடம் இருப்பதை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் வரிசை தப்பியிருக்கிறது என்றுதான் வரும்.

மதியம் இட்லிக்கு அரிசி ஊறப்போட உட்கார்ந்தேன். முதல் படியை அள்ளி, “ஒண்ணு” என்றேன். மருமகள் வழக்கம்போல் கடிந்துகொண்டாள். “அத்தை, மொதல் படிக்கு லாபம்னு சொல்லுங்க. எத்தினி தரம் சொல்றது?”

இத்தனை வருஷமாக அவளுக்கு நான் காரணம் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால், உன்னைத் தெரியாத ஒருத்தியிடம் நீ செய்த கெட்டதை மட்டும் சொல்வதாகிவிடும். கீபோர்டை நீ அடித்த அடி காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு, அடுத்த படியை அள்ளி, “ரெண்டு” என்றேன்.