நான் சுரண்டி எடுத்த சிவப்புப் புள்ளிகள்

வாய் நிறைய என்னை வாயாடி என்று கூப்பிட்ட என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய லேப்டாப் மறுபடி ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்றால் அது பாதிப் பொய். ஓட வைத்த கையோடு நான் செய்து வைத்திருக்கிற காரியத்தைச் சொல்ல எழுதுகிறேன். சொல்லவே கூசுகிறது.

மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாதா, ஊரறிய எழுதணுமா என்று கேட்பீர்கள். செய்ததே ஊரறியத்தான் மாமா. அதனால் இதுவும் அப்படியே இருக்கட்டும்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பம் வீட்டுக்குப் போயிருந்தேன். கௌரி அக்கா உங்கள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. நீங்கள் வேலையை நிறுத்திய கடைசி வருஷத்திலிருந்து அதை யாரும் தொடவில்லை என்றாள்.

"ஏ சுமதி, இது ஓடுதான்னு பாருடி. நீதான் பழைய பொட்டிங்கள எல்லாம் பிரிச்சிப் போட்டுக்கினு உக்காந்திருக்கியே. துண்டு போத்தி வெச்சிருக்கறதப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுது."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஓட வேண்டும். முன்பு இருந்த இடத்தில், முன்பு இருந்த மாதிரி.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மாமா, அதாவது கௌரி அக்காவின் வீட்டுக்காரர், தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவர். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் குடும்பங்கள், அவரைத் தேடி வரும். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் கடல் கடக்கும். அதற்கு அவர் வைத்திருந்தது பாரிசிலிருந்து வந்த ஒருவர் விட்டுப்போன பழைய லேப்டாப். கறுப்பு வெள்ளைத் திரை, மவுசுக்குப் பதில் ஒரு உருட்டுப் பந்து, பிரெஞ்சு வரிசையில் எழுத்துகள் இருக்கும் கீபோர்டு. மடியில் வைத்தால் தொடை மரத்துப் போகும்.

எடுத்துவந்து பிரித்தேன் மாமா. உள்ளே கருவாட்டு வாசனை. பழைய கெப்பாசிட்டர்கள் கசிந்தால் அப்படித்தான் நாறும். அவற்றைக் கழற்ற சால்டரிங் கோலால் சூடு வைத்ததும் என் வீடு, கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் மீன் காயப் போட்ட இடம் போல ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார்.

கசிந்ததையெல்லாம் மாற்றி, உப்புக் காற்றில் பூத்துப்போன இடங்களைத் துடைத்து, பவர் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் கொஞ்சம் முனகியது. பிறகு சுற்றியது. அந்தக் காலத்துச் சிஸ்டம் நிதானமாக எழுந்து வந்து, ஃபிஷியே, எதிசியோன் என்று மேலே பிரெஞ்சு மெனுவைக் காட்டியது. உங்கள் கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்களைப் போன்ற பழைய கணினிப் பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டி ஓடினால் போதாது. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதற்காகப் படாத பாடு படுவோம். படுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, முன்பு இப்படி, பின்பு இப்படி என்று காட்டிக்கொள்வோம்.

உங்கள் கோப்பைத் திறந்தால் திரையில் நாலு வார்த்தைதான் கொள்கிறது, எழுத்துகள் அவ்வளவு பெரிசு. என்ன இது என்று எல்லாவற்றையும் சின்னதாக்கினேன். அம்புக்குறி ஆமை போல நகர்ந்தது. அதை வேகப்படுத்தினேன். பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது. பார்லர் வைத்திருக்கும் தோழியிடம் முடிக்கு நிறம் நீக்கும் கிரீமை வாங்கிவந்து பூசி, கண்ணாடித் தாளில் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். கீபோர்டிலிருந்து கீ ஒவ்வொன்றையும் பிடுங்கி ஊறப்போட்டேன்.

பிடுங்கப் போகும்போதுதான் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். சில கீகளின் மேல் மட்டும், மிளகு போலப் புடைத்துக்கொண்டு, கெட்டியாக. உங்கள் பேத்தி வந்து விளையாடும் வீடு, குழந்தை எதையோ ஊற்றியிருக்கும் என்று நினைத்தேன். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் ஒன்று விடாமல் சுரண்டினேன்.

அதையும் படம் பிடித்தேன். "எங்க மாமா சரியான பிடிவாதக்காரரு. உலகமே மாறினாலும் இந்தப் பொட்டிய மாத்த மாட்டாரு. அழுக்கப் பாருங்க, செவப்பு செவப்பா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சுரண்டுகிறேன். எங்கெங்கோ இருந்து பாராட்டு வந்தது. பிரான்சிலிருந்துகூட ஒருவர் மெர்சி சொன்னார். தலைகால் புரியவில்லை எனக்கு.

அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய் உங்கள் மேஜையில் வைத்து ஆன் செய்தேன். டிங் என்று அந்தச் சத்தம் வந்ததும் அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டு மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

விரல்கள் அங்கேயும் இங்கேயும் போயின. கண்ணைத் திறந்தாள்.

"இதுல இருந்த பொட்டுங்கள்லாம் எங்கடி?"

"அந்த அழுக்கா? சுத்தமா எடுத்துட்டேன் க்கா. புதுசு மாதிரி இல்ல?"

"அழுக்கா?" என்றாள். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

பிறகுதான் சொன்னாள். உங்களுக்குக் கடைசி சில வருஷங்கள் பார்வை ஏறக்குறைய இல்லை என்று. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டதென்று. கண் தெரியாதவரிடம் யார் காகிதம் கொடுப்பார்கள், தேதியில் ஒரு எண் மாறினால் ஒரு குடும்பத்தின் பென்ஷனே நின்றுபோகுமே என்று நீங்கள் வெளியே மூச்சு விடவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்க் காகிதத்தைப் படிக்க, நீங்கள் பிரெஞ்சில் அடிப்பீர்கள். அடித்ததில் எண்களை அவள் திரையில் பார்த்துப் படித்துக் காட்டுவாள். விரல் தடம் மாறாமல் இருக்கத்தான் அந்தப் பொட்டுகள்.

"உங்க மாமா என் வெரலப் புடிச்சி, இங்க வெய்யின்னுவாரு. நான் நெயில் பாலிஷ ஒரு சொட்டு வெப்பேன். தேஞ்சி போனா மறுபடி மேல ஒண்ணு. எனக்கு அந்த எழுத்தெல்லாம் எங்க தெரியும்? அவரு காட்டுன எடத்துல வெச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் சோறு தின்றவள் நான். அக்கா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்த வயசிலும் இவர்களுக்கு ஒட்டிக்கொண்டு உட்காரணும் என்று கிண்டல் செய்திருக்கிறேன். நான் வாங்கித் தருவதாகச் சொன்ன புது லேப்டாப்பை நீங்கள் வேண்டாம் என்றபோது கஞ்சன் என்று நினைத்தேன். திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நீங்கள் இருந்ததும், அந்தப் பெரிய எழுத்துகளும் என் கண் முன்னால்தானே இருந்தன? எனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை மாமா? பெட்டியின் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்த எனக்கு?

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. போனை எடுத்தேன்.

"இன்னா பண்ற?" என்றாள் அக்கா.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். படம் பிடித்தது, போட்டது, சிரித்தது. "அத அழிச்சிடறேன் க்கா."

"இரு. சுரண்டறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்துச்சுன்னு அதுல தெரியுதா?"

தெரிந்தது. பொட்டுகள் எங்கெங்கே இருந்தன என்பது உங்களுக்குத்தான் தெரியும். அக்காவின் விரலுக்குக் கொஞ்சம் தெரியும். அதை விட்டால் உலகத்தில் அந்தக் காணொளியில்தான் இருக்கிறது. என் வெட்கங்கெட்ட வேலையே இப்போது அதற்குச் சாட்சி.

அக்கா உள்ளே போய் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துவந்தாள். மூடி இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் வைத்துத் திறந்தாள். நான் காணொளியை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, கீயைக் காட்ட, அவள் ஒவ்வொரு பொட்டாக வைத்தாள். ஒவ்வொரு தடவையும் என் சிரிப்பு கேட்டது. சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நீங்கள் வைத்திருந்த பெரிய எழுத்தை மறுபடி பெரிதாக்கினேன். அம்புக்குறியையும் பழையபடி மெதுவாக்கினேன். எவ்வளவு பெரிதாக, எவ்வளவு மெதுவாக என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்தேன். அக்கா திரைக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிசு என்றாள். பெரிதாக்கினேன்.

வலது பக்கம் முழுக்க முடிந்தது. இடது ஓரத்துக்கு வந்தபோது காணொளியில் கீபோர்டு தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் கை தெரிந்தது. முன்னால் தள்ளிப் பார்த்தேன், பின்னால் தள்ளிப் பார்த்தேன். கையை எடுக்கும்போது அந்தப் பக்கம் சுரண்டி முடித்துவிட்டிருந்தேன். அக்கா அந்த இடத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் ஞாபகம் வரவில்லை.

"சுமாரா ஒரு எடத்துல வெச்சிடலாமா க்கா?" என்றேன். அந்த வெறுமையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவள் பாட்டிலை மூடினாள்.

"வேணாம்டி. மாத்தி வெச்சிட்டா அவரு தடுமாறிடுவாரு."

தடுமாறிடுவார் என்றாள் மாமா. இன்னமும்.

அந்த இடத்தை நான் நிரப்ப மாட்டேன். காணொளியை அழிக்கவும் மாட்டேன், அதில் என் சிரிப்பை வெட்டவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை அதற்கு நேர் கீழே போடுகிறேன். பாராட்டியவர்கள் எல்லாரும் படிக்கட்டும். ஞாயிறுதோறும் வந்து உங்கள் பெட்டியை ஓடவைத்து, அக்கா போதும் என்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இனி எதையும் துடைப்பதற்கு முன்னால் அவளைக் கேட்பேன்.

தலை நிமிராமல்,
உங்கள் கொழுந்தியா
சுமதி