நைனா விழுந்த விதம்

காஞ்சிபுரம்.
பவ வருஷம், ஆனி மாதம் மூன்றாம் தேதி, காலை ஏழு மணி. நேற்று வேகவதி ஆற்று மணலில் விழுந்தவர்கள் ஒன்பது பேர். எலும்பு முறிந்தவர் யாருமில்லை.

என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய நைனாவுக்கு,

பெற்ற அப்பனாயிற்றே என்று 'நீங்கள்' போட்டு எழுதிப் பார்த்தேன். மேலதிகாரிக்கு மனுப் போடுவதைப் போல இருந்தது. வீட்டில் கூப்பிட்ட மாதிரியே 'நீ' என்று எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ விழுந்து செத்துப்போனாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தெருவில் எல்லோரும் படிக்கட்டும் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், நம் தெருப் பெருமாள் காலையில் புறப்பாடு கண்டருளியபோது, பல்லக்கைத் தாங்கும் இடப்பக்கத் தண்டின் முன்முனையில் நீ தோள் கொடுத்திருந்தாய். அதே தண்டின் பின்முனையில் அம்மாவின் தம்பி முனுசாமி மாமா. தெருமூலையில் வலப்பக்கம் திரும்பும்போது நீ விழுந்தாய். தண்டு உன் மார்பில் இறங்கியது. மூன்றாம் நாள் போய்விட்டாய். நான் அப்போது கடல் தாண்டி கோபே நகரத்தில் இருந்தேன். பட்டு முறுக்கும் மிஷின் வேலை கற்றுவர முதலாளி அனுப்பியிருந்தார். செய்தி கப்பலில் வந்து சேருவதற்குள் உன் கருமாதி முடிந்துவிட்டது.

பின்னால் வந்த முனுசாமி உன் குதிகாலை மிதித்துவிட்டான் என்று தெரு சொன்னது. மாமாவும் மறுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா, என் கால்தான்" என்றாராம். போன வருஷப் புறப்பாட்டில், தண்டைத் தொடாதே என்று தெருப் பெரியதனம் கோவிந்தசாமி அவரை ஒதுக்கி நிறுத்திவிட்டார். அம்மா தன் தம்பியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் என்பது உனக்குத் தெரியும். இந்த மாதக் கடைசியில் மறுபடி புறப்பாடு. மாமா தோள் கொடுக்கலாமா கூடாதா என்று பெரியதனம் நேற்றுச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி கோபே. அங்கே மில்லின் விடுதியில் என் அறையில் ஒருவன் இருந்தான், உயரம் என் தோள்வரைதான். வேலை முடிந்ததும் பாய் விரித்த ஒரு கூடத்துக்குப் போவான். ஜூடோ என்று ஒரு வித்தை. குஸ்தி மாதிரிதானே என்று நான் சிரித்தேன். மறுநிமிஷம் நான் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இல்லை. அவன் பலம் போட்டதாகவும் தெரியவில்லை. எப்படி விழுந்தேன் என்பதுதான் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டுத் தூங்க எனக்கு வராது, அது உனக்கே தெரியும். நானும் அந்தக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

அதன் சூத்திரம் எளிது, நைனா. ஒரு ஆளை எறிவதில் மூன்று வேலை. முதலில் அவன் நிலையைக் குலைக்க வேண்டும். பிறகு அவனோடு பொருந்தி நிற்க வேண்டும். எறிவது கடைசிதான். நம் ஆட்கள் கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள், அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

இடுப்பில் ஏற்றி எறிவதை எடுத்துக்கொள். எதிராளியின் சட்டையைப் பிடித்து முன்பக்கமாக, கொஞ்சம் மேல்நோக்கி இழுக்கிறாய். அவன் கனம் கால்விரல் நுனிக்கு வந்துவிடும். உடனே திரும்பி அவன் மார்போடு உன் முதுகை ஒட்டி, முட்டியை மடக்கி, உன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொண்டுபோகிறாய். இனி முட்டியை நிமிர்த்தினால் போதும். நெம்புகோலுக்கு அடியில் கட்டை வைப்போமே, உன் இடுப்பு அந்தக் கட்டை. கட்டை உயரமாக இருந்தால் நீ அவனைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்க ஆரம்பித்தாலே வித்தை போயிற்று.

இன்னொன்று, பின்காலைக் கொய்வது. எதிராளியைப் பின்பக்கமாக ஒரு ஓரத்துக்குச் சாய்த்தால், அவன் கனம் முழுவதும் ஒரே குதிகாலில் நிற்கும். அவன் பக்கத்தில் கால் வைத்து, உன் மறுகாலை அவன் பின்னால் வீசி, கதிருக்கு அரிவாள் போட்டு இழுப்பது போல அந்தக் காலை வாருகிறாய். நிற்கிற கால் ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் அவன் எதன்மேல் நிற்பான்?

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் தாமதமாகப் பிடிபட்டதும் அதுதான். எதிராளி அடி எடுத்து வைக்கும்போது, முன்னால் வருகிற அந்தக் காலை, அது போகிற திசையிலேயே உன் உள்ளங்காலால் பெருக்கித் தள்ளுவது. கனம் முழுவதும் இறங்கிய காலைத் தள்ளினால் அசையாது. கனமே இறங்காத காலைத் தள்ளினால் அவன் வேறு இடத்தில் ஊன்றிக்கொள்வான். இறங்கப் போகிற அந்தக் கணத்தில் தள்ள வேண்டும். தறியில் பாவு பிரிகிற நேரம் பார்த்து நாடாவை விடுவாயே, அதே கணக்கு. முந்தினாலும் பிந்தினாலும் இழை மாட்டும். நேரம் சரியாக இருந்தால், துடைப்பத்தைத் தள்ளுகிற பலம் போதும். கால் முன்னால் ஓடிவிடும், உடம்பு பின்னால் விழும்.

உன் செய்தி வந்த கடிதத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நீ மல்லாந்து கிடந்தாயாம், முகம் வானத்தைப் பார்த்து.

குதிகால் மிதிபட்டவன் எப்படி மல்லாந்து விழுவான்?

ஊருக்கு வந்ததும் அன்று தெருவில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான், மல்லாந்துதான் விழுந்தார். உன் இடது கால் முன்னால் பறந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். இதை இத்தனை நாள் யாரும் யோசிக்கவில்லையா என்று கேட்டேன். இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது போலப் பார்த்தார்கள்.

அதனால்தான் நேற்று ஆற்று மணல். கோயில் தண்டைத் தர மாட்டேன் என்று பெரியதனம் சொல்லிவிட்டார். இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் பலகை கட்டி, மேலே மணல் மூட்டைகளை ஏற்றினேன். தெரு ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் கரையில் நின்றார்கள், அம்மாவும் இருந்தாள். மாமா வர மறுத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"பட்டு மிஷினு கத்துக்கினு வான்னு அனுப்பினா, ஆளக் கவுக்குற வித்த கத்துக்கினு வந்துக்கிறான்பா" என்றார் பெரியதனம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

தண்டின் முன்முனையில் ஒருவரை நிறுத்தி நடக்கவைத்தேன். பின்முனையில் நான். ஒன்று முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. தண்டின் நீளத்துக்கு, பின்னால் இருப்பவன் கால் எட்டுவது முன்னால் இருப்பவனின் பின்னங்காலை மட்டும்தான், அதுவும் எக்கினால்தான். எக்கி மிதித்தேன். அவர் குப்புற விழுந்தார். ஆளை மாற்றினேன். அவரும் குப்புறத்தான். கால் பின்னால் மாட்டிக்கொள்கிறது, உடம்பு முன்னால் போகிறது, வேறு வழியே இல்லை. இன்னும் மூன்று பேரை மிதித்துப் பார்த்தேன், ஒருவர்கூட மல்லாந்து விழவில்லை. நம்பாத பெரியதனம் தானே தோள் கொடுத்தார். வாய் நிறைய மணலோடு எழுந்தார்.

பிறகு முன்முனைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பெரிய அடியாக வையுங்கள் என்றேன். அடி நீளமானால் குதிகால் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் இறங்குகிறது. அது இறங்குகிற கணத்தில் என் உள்ளங்காலால் தள்ளினேன். மல்லாந்தார். அடுத்தவரும் மல்லாந்தார். சின்ன அடியாக வைக்கச் சொல்லித் தள்ளினேன். தடுமாறினார், விழவில்லை.

அன்று மூலையில் என் கால் இல்லை. ஈரம் இருந்தது. பெருமாள் வருகிறார் என்று வாசல் வாசலாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இங்கே என் கால் செய்த வேலையை அங்கே சேறு செய்தது. அப்படியானால் அதே ஈரத்தில் நடந்த மற்ற மூன்று பேரும் ஏன் வழுக்கவில்லை?

பெரியதனம் மணலைத் துப்பிவிட்டுக் கேட்டார். "அப்போ யாரு தப்புன்னு சொல்ற? வாயத் தொறந்து சொல்லு."

நைனா, மாமாவின் பெயரை இரண்டு வருஷமாக எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். உன் பெயரை மட்டும் வீட்டுக்குள் மெதுவாகச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கும் அதுதான் காரணம்.

"நைனாதான்" என்றேன். "மூலையில சின்ன அடி வைக்கணும்ன்றது தண்டு தூக்குறவங்க எல்லாருக்கும் தெரியும். வெளிப்பக்கம் இருக்கறவன் சுத்திக்கினு வரணும், அவருக்குப் பொறுமை இல்ல. நீள அடி வச்சாரு."

முதலில் பேசியது மாமாதான். என்னை அடிக்கவே வந்தார். "உன்ன யாருடா இதெல்லாம் கேட்டது? தண்டு என் தோளை வுட்டு முன்னால ஓடிச்சி, எனக்குத் தெரியாதா? மச்சான் வந்து பதில் சொல்வாரா? எனக்கு வாய் இருக்குது, நான் தாங்கிக்கினேன். அவரு பேர எடுத்துட்டு எனக்கு ஒண்ணும் தண்டு வாணாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது, நைனா. உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். கோபேயில் எறியக் கற்றுக்கொடுப்பதற்கு முன் விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தரை முதுகைத் தொடும் நேரத்தில் கையை விரித்துத் தரையை அறைய வேண்டும். அடி கைக்கும் முதுகுக்கும் பங்காகிவிடும், தலை தப்பும். அதற்குக் கை காலியாக இருக்க வேண்டும். மூட்டைகளை இறக்கினேன். தண்டு என் மேல் விழாமல் நான்கு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நானே முன்முனையில் நின்று, என் காலைத் தள்ளச் சொன்னேன். முதல் முறை கையை விட்டேன். பக்கவாட்டில் விழுந்தேன், தண்டு நான் இல்லாத இடத்தில் இறங்கியது. மறுமுறை கையை விடவில்லை. அதே தண்டு நேராக என் நெஞ்சுக்கு மேல் வந்து நின்றது.

உன் இரண்டு கையும் தண்டிலேயே இருந்ததாம். பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். பெருமாள் சாய்ந்தாரே தவிரத் தரையைத் தொடவில்லை என்று அர்ச்சகர் அன்றே சொல்லியிருக்கிறார். நீ கையை விட்டிருந்தால் பிழைத்திருப்பாய். அதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

விட மனமில்லையா, விட நேரமில்லையா? என் கணக்கு எதற்கும் விடை சொல்கிறது, இதற்கு மட்டும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து யோசிக்கிறேன். விழுகிறவன் கை தானாகவே இறுகும் என்பார்கள். உன் கை தானாக இறுகியதா, நீ இறுக்கினாயா?

அம்மா கரையிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அவரு நடை எனக்குத் தெரியாதா? சந்தைக்குப் போனா நான் எப்பவும் பின்னால ஓடிக்கினுதான் இருப்பேன்" என்றாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "ஏன்டா முனுசாமி, தெரிஞ்சிக்கினே எங்கிட்டகூடவா சொல்லல?"

"உங்கிட்ட எப்படிக்கா சொல்றது" என்றார் மாமா.

அவ்வளவுதான் பேசினார்கள். கரையேறும்போது அம்மா முன்னால் நடந்தாள், மாமா பின்னால். பெரியதனம் அவரைக் கூப்பிட்டு, புறப்பாட்டுக்கு முதல் நாளே தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள் என்றார். மாமா சரி என்று தலையை ஆட்டினார்.

உன் தப்பைச் சொன்னதற்கு என்மேல் கோபமா, நைனா? இருந்தால் இருக்கட்டும். நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய், என்னைவிடச் சத்தமாகச் செய்திருப்பாய்.

இனி நான் செய்யப்போவது:

1. புறப்பாடு வரை தினமும் விடியலில் தண்டு தூக்குகிறவர்களை மணலுக்கு அழைத்துப்போய் மூலை திரும்பும் நடையைப் பழக்குவேன். கூடவே விழவும் பழக்குவேன். சிரிக்கிறவர்களை இரண்டு முறை விழவைப்பேன்.

2. மூலையில் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வேன். பெண்கள் திட்டுவார்கள், கேட்டுக்கொள்வேன்.

3. விழும்போது தண்டை விடு என்று மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அர்ச்சகரைக் கேட்பேன். அவரிடமும் பதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

4. இடப்பக்கத் தண்டின் முன்முனை, நீ போன பிறகு யாருக்கும் நிலையாகக் கொடுக்காத இடம். இந்த வருஷம் அங்கே நான் நிற்பேன். எனக்குப் பின்னால் மாமா. சின்ன அடியாக வைப்பேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகனும் முனுசாமியின் மருமகனுமான
வரதன்