மின்னல் அடிக்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் உடைந்த கிதார். எங்கள் கிதார் உடையவே இல்லை, டிரம்ஸ் வாசித்ததால் டமாரம் என்று பேர் விழுந்த எங்கள் கூட்டாளியின் வீட்டுப் பரணில் இன்றைக்கும் முழுசாகக் கிடக்கிறது.

முதல் பக்கத்தில் எழுத்தாளரம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ‘மனம்விட்டுப் பேசியதற்கு நன்றி.’ எங்கள் ராக் பேண்டை வைத்து நாவல் எழுதப்போகிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெக்கார்டரும் கையுமாக வந்தவர். டமாரத்திடம் பேசினார். மேடையிலேயே செத்துப்போன பாடகனின் தங்கையிடம் பேசினார், அதாவது என் மனைவியிடம். பேண்டின் சவுண்ட்காரனான என்னிடம் மட்டும் மூன்று மணி நேரம்.

நாவல் முழுக்கப் பேட்டிகளாகவே போகிறது. கதை சொல்ல என்று தனியாக ஆள் கிடையாது. ஆளாளுக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

நாற்பது பக்கம் முடிந்தது. நான் சொன்னது எந்தப் பக்கத்தில் வரப்போகிறதோ.

ஜூன் 5, வியாழன்

என்ன புத்தகம் இது? ஏழு பேர் பேசுகிறார்கள், ஏழு பேருக்கும் ஒரே வாய். எவனும் தடுமாறுவதில்லை. ‘என்ன கேட்டீங்க?’ என்று எவனும் திரும்பக் கேட்பதில்லை. டமாரம் ஒரு வாக்கியத்தை உருப்படியாக முடித்து நான் பார்த்ததே கிடையாது. புத்தகத்தில் அவன், ‘நாங்கள் இசையைத் தேர்ந்தெடுக்கவில்லை, இசைதான் எங்களைத் தேர்ந்தெடுத்தது’ என்கிறான். தேர்ந்தெடுத்தது, கிழித்தது. அவன் மாமா வெளியூர் போகும்போது டிரம்ஸை அவன் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். வேறு யார் வீட்டிலும் டிரம்ஸ் இல்லை. அதனால் அவன் டிரம்மர்.

முப்பது வருஷமாக அடுத்தவர் பேச்சை ஹெட்போனில் கேட்டே பிழைக்கிறவன் நான். மனுஷன் மனசிலிருந்து பேசினால் நடுவில் எச்சில் விழுங்குவான், அது எனக்குத் துல்லியமாகக் கேட்கும். இந்தப் புத்தகத்தில் ஒருத்தர்கூட எச்சில் விழுங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

முடித்துவிட்டேன். பாடகனை மின்னல் தாக்குகிறதாம்.

மின்னலாம்.

நடந்ததை நான் இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், திறந்தவெளி மேடை. கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியில் ஹம்மிங், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி விடாமல் ஒரு இரைச்சல். நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம். “டேய், அத நிறுத்துடா மொதல்ல” என்று கிதாரை மாட்டிக்கொண்டு பாடகன் கத்துகிறான். ஆம்பின் பிளக்கைத் திறந்து மூன்றாவது கம்பியை, எர்த் கம்பியை, கழற்றிவிட்டேன். ஹம்மிங் நின்றது. அவசரத்துக்குச் சவுண்ட்காரர்கள் செய்கிற வேலைதான். செய்யக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பழைய ஆம்ப். உள்ளே எங்கேயோ கரண்ட் கசிந்து பெட்டி வழியாகக் கிதாருக்கு வந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் மண்ணுக்குப் போயிருக்கும். தூறல் வேறு. மூன்றாவது பாட்டில் ஒரு கை தந்தியில் இருக்க, மறு கையால் மைக்கைப் பிடித்தான். கரண்ட் அவன் வழியாக மண்ணுக்குப் போனது.

மழை ஈரத்தால் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அவன் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டேன். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத எழுத்தாளரம்மாவிடம் சொன்னேன். ஏன்? புத்தகத்தில் வரட்டும், இவள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், அதற்குப் பிறகு ஆவது ஆகட்டும் என்றுதான். என் வாயால் சொல்ல வேண்டாமே. கோழைப் பயல்.

அந்தம்மா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்னலை வைத்திருக்கிறார். தப்பித்தோம் என்று இருக்க வேண்டும். இல்லை. மேசையிலிருந்த புத்தகத்தை இவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

கையில் பென்சிலோடு தினம் முப்பது நாற்பது பக்கம் படிக்கிறாள். ஸ்கூல் டீச்சர் இல்லையா, பென்சில் இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது. ஓரத்தில் திருத்தம் வேறு.

“அண்ணன் இப்படியெல்லாம் பேசவே மாட்டான். இவ்வளவு நல்லாப் பேசத் தெரிஞ்சிருந்தா பரீட்சைல பாஸாகியிருப்பான்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 11, புதன்

நான் சவுண்ட் பார்க்கிற விழா ஹாலில் வேலை. சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. இடது பக்க ஸ்பீக்கரில் ஹம்மிங். காலையிலிருந்து ஒவ்வொரு கேபிளாக மாற்றிப் பார்க்கிறேன். ஹால் மேனேஜர் நாலு தடவை வந்து நின்றார். இடுப்பில் கை வைத்து நின்றால் ஹம்மிங் ஓடிவிடும் என்று அவருக்கு நினைப்பு.

“அந்த மூணாவது ஒயரக் கழட்டி விட்டா நின்னுரும்னு சொல்றாங்களே.”

“யார் சொன்னா?”

“எங்க வீட்டு எலெக்ட்ரீஷியன்.”

“அப்ப அவரையே கூப்பிடுங்க, நான் கெளம்பறேன்” என்று எரிந்து விழுந்துவிட்டேன். மனுஷன் மிரண்டு போய்விட்டார். நாலு மணிக்கு மேல் கண்டுபிடித்தேன், சவுண்ட் மிக்ஸருக்கு வேறு சுவரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார்கள். ஸ்பீக்கரையும் மிக்ஸரையும் ஒரே இடத்தில் சொருகியதும் நின்றது. ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கும் இதையே செய்திருக்கலாம்.

ஜூன் 14, சனி

இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். மின்னல் விழுந்ததும் சவுண்ட்காரன் ஒருத்தன் மேடைக்குப் பாய்ந்து, எரிகிற கம்பிகளை வெறும் கையால் விலக்கி, பாடகனை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறான். கடைசி மூச்சு அவன் மடியில்தான் போகிறது.

சமையலறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“இது நீங்கதானே?”

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? எங்கண்ணன் தனியாப் போயிட்டானேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்.” என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கம்பி பற்றவைக்கும்போது சோல்டரிங் சுட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. அதைத் தடவிக்கொடுத்தாள்.

அவனைத் தூக்கியது டமாரம். மற்றவர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். நான் ஆம்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பிளக்கைத் திறந்து, எர்த் கம்பியைத் திரும்ப மாட்டித் திருகிக்கொண்டிருந்தேன். போலீஸ் வருவதற்குள் முடித்துவிட்டேன். இதை எழுத்தாளரம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டாள். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 18, புதன்

சனிக்கிழமை நூலகத்தில் எழுத்தாளரம்மா பேசுகிறாராம். போகலாம் என்கிறாள். ஹாலில் வேலை இருக்கிறது என்றேன். லீவு போடுங்கள் என்றாள். தலைவலி என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் பாடம் நெருங்கிவிட்டது. வருஷா வருஷம் எடுக்கும் பழைய பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று கம்பி, மூன்றாவது பச்சை. “எர்த் முள்ளு மட்டும் ஏன் நீளமா இருக்கு, யாராவது சொல்லுங்க பாப்போம்” என்று சுவரைப் பார்த்து ஒத்திகை நடக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எப்படித்தான் உட்கார்ந்திருந்தேனோ.

ஜூன் 21, சனி

தலைவலி பலிக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அறுபது நாற்காலி, பாதி காலி. மைக் கரகரத்தது, நான் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்து கையெழுத்து வாங்க வரிசை. நான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். எழுத்தாளரம்மா என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். அவ்வளவு நேரம் பேசினீங்க. கடைசியில அந்த எர்த் கம்பிய எடுத்துட்டேன். எப்படியெப்படியோ எழுதிப் பாத்தேன், சரியா வரல. அவ்வளவு பெரிய சாவுக்கு அது ரொம்பச் சின்னதா இருந்துச்சு. வாசகர் நம்ப மாட்டாங்க. அதான் மின்னல் வெச்சேன்.”

“எந்த எர்த் கம்பி?” என்றாள் என் மனைவி.

அந்தம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வீட்ல... தெரிஞ்ச விஷயம்னு நெனச்சேன்” என்றார். வரிசையில் அடுத்து நின்றவர் புத்தகத்தை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

“ஆம்ப் பிளக்கா?”

“ஆமா.”

இன்னும் ஒரு நிறுத்தம்.

“கழட்டினது யாரு?”

“நான்தான்.”

இறங்கும்போது வழக்கம்போல் என் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் கேட்டாள்.

“அதனாலதான் என்னைக் கட்டிக்கிட்டியா? பாவம் பாத்தா?”

கல்யாணமாகி முதல் தடவையாக என்னை ‘நீ’ என்கிறாள்.

“இல்ல” என்றேன். தடங்கல் இல்லாமல் வந்தது, புத்தகத்தில் வருகிற மாதிரி. அது பொய்யும் இல்லை, ஆனால் முழு உண்மையா என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியவில்லை. துக்கம் விசாரிக்கப் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு என்ன பேர்?

“யாரோ ஒருத்திகிட்ட மூணு மணி நேரம் பேசத் தெரிஞ்சுது. எங்கிட்ட மூணு நிமிஷம் பேச வரல, இல்ல?”

முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் ஃபிரிட்ஜ் இவ்வளவு இரையும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

ஜூன் 25, புதன்

டமாரம் போன் பண்ணினான். “தங்கச்சி எனக்குப் போன் போட்டுச்சுடா. அன்னிக்கு யார் தூக்கினாங்கன்னு கேட்டுச்சு. நான்... அதாவது, நீ எங்க இருந்தன்னு... எனக்கு ஞாபகம் இல்லன்னுட்டேன்” என்றான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. குரலிலேயே தெரிந்தது. அன்றைக்கு ஆம்புக்குப் பின்னால் என்னைப் பார்த்தானோ? இருபத்தொன்பது வருஷமாக அவனும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஹாலிலிருந்து வந்தால் என் மேசை மேல் அவளுடைய பாடப் பிளக். மூடி திறந்திருந்தது. பச்சைக் கம்பியைக் கழற்றித் தனியாக வெளியே வளைத்து விட்டிருந்தாள். கீழே ஒரு சீட்டு, டீச்சர் கையெழுத்து:

‘திங்கட்கிழமை, மூன்றாவது பீரியட், எட்டாம் வகுப்பு. இந்தப் பாடத்தை நீ எடு.’

முன்னறை வாசலில் போய் நின்றேன். “பிள்ளைங்க முன்னாடியா?” என்றேன்.

“அவங்களுக்குத்தான் இது உபயோகப்படும். எனக்கு இனி என்ன?” நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

போக மாட்டேன்.

ஜூன் 30, திங்கள்

போனேன்.

அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். வீட்டைப் பூட்டும்போது அவளுடைய சாவி ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். மறந்துவிட்டாள் போல, பள்ளியில் கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாற்பது பிள்ளைகள். அவள் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக நின்றாள். பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். மூன்று கம்பியும் எதற்கு என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை.

முன் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட பெண் கையைத் தூக்கினாள். “சார், பச்சைக் கம்பியக் கழட்டினா என்ன ஆகும்?”

“ஒருத்தர் கழட்டினார். ஒரு பாடகர் செத்துப்போனார்.”

நடு வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

“அவர போலீஸ் பிடிச்சாங்களா?”

எச்சில் விழுங்கினேன். “பிடிக்கல. போலீஸ் வர்றதுக்குள்ள அவர் கம்பியத் திருப்பி மாட்டிட்டார். மத்தவங்க எல்லாம் அந்தப் பாடகரத் தூக்க ஓடினாங்க. அவர் ஓடல.”

இது அவளுக்குத் தெரியாத பகுதி. சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

“‘அவர்’னா யாரு? பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க” என்றாள். மறுபடி ‘ங்க’ போட்டுப் பேசினாள், வேற்றாளிடம் பேசுகிற மாதிரி.

“நான்தான்” என்றேன்.

ரெட்டைச் சடைக்காரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எழுதிக்கோங்க” என்றாள் அவள். “எந்தக் காரணத்துக்காகவும் எர்த் கம்பியக் கழட்டக் கூடாது. கழட்டிட்டா, உடனே சொல்லிரணும்.” நாற்பது பேனாவும் ஓடின. நானும் அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றேன்.

மணி அடித்தது. வராந்தாவில் அவள் பின்னாலேயே போய்ச் சாவியை நீட்டினேன்.

“சாவிய மறந்துட்ட.”

“மறக்கல” என்றாள். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

இப்போது மணி ஆறரை, அவள் இன்னும் வரவில்லை. இரண்டு சாவியும் மேசை மேல்தான் இருக்கின்றன. கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.