யார் சொன்ன வசனம் என்று நான் எழுதவில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம், அவருக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, தெம்பில்லாதவனால் நாலு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. தங்கைக்கு நீ போட்ட கடிதத்தைத்தான் சொல்கிறேன். போன வியாழன் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். தொட்டில் இருந்த மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், தையல் கடைக்குப் போய்ப் பதினெட்டு நாளாயிற்றாம். மடியில் உன் கடிதம், பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அண்ணன் சொல்றது சரிதாம்மா, அப்பா பேச்சை மீறிக் கட்டிக்கிட்டேன்ல, அதான் கர்த்தர் பிள்ளையை எடுத்துக்கிட்டார், நான்தான் கொன்னுட்டேன் என்றாள். அழக்கூட இல்லை. மாப்பிள்ளை, பாவம், நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து அவளுக்கு ஊட்டிவிடுகிறார், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

யாரடா உன்னை நீதிபதியாக்கியது? அவள் மீறினது உன் பேச்சையா, எங்கள் பேச்சையா? அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும்தான், பிரசவ வார்டில் பிள்ளையைக் கையில் வாங்கினதும் எல்லாம் போன இடம் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் மன்னித்தாகிவிட்டது, உனக்கென்ன வந்தது? பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை, டாக்டர் வரைந்தே காட்டினார். பிள்ளை போன அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டிலிருந்து சலவைக்கு இறங்கின மூட்டையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, கூட வேலை செய்கிறவள்தான் பிரித்தாள். இருபது வருஷமாக அந்தச் சலவை அறையில் நிற்கிறேன், கீழ்ப்படிந்தவர்கள் பெற்ற பிள்ளைகளின் துணியும் அந்த மூட்டைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதினாயே, பாவம் செய்ததால்தான் பிள்ளைகள் போனார்கள் என்று, அது யார் சொன்னது தெரியுமா? கர்த்தர் சொன்னதில்லை. வேதத்தில், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுவிடம் அவன் சிநேகிதன் சொன்னது. இதில் என் தப்பும் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிக்கு மனப்பாட வசனங்களை அட்டையில் எழுதிக் கொடுத்தவள் நான், அதிகாரமும் எண்ணும் போட்டேனே ஒழிய யார் வாயிலிருந்து வந்தது என்று போடவில்லை. நீ அட்சரம் பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினாய், நான் சபை முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அது எட்டு வயதுப் பையனுக்கு நான் செய்த தப்பு, வேதக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள்தான். பிறகு ஆளாளுக்குப் பேசிக் கெடுத்தார்கள். யோபு கர்த்தரிடமே நியாயம் கேட்டுச் சண்டை போட்டான், அவர் அவனை அதட்டினார், ஆனாலும் கைவிடவில்லை. அவருக்காக வக்காலத்து வாங்கினவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் மூண்டது. நானும் தினம் அவரிடம் சண்டைதான் போடுகிறேன், முழங்காலில் நின்று, ஏன் எடுத்தீர் என்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டாய். தெய்வ நீதி என்று எழுதினாயே, அங்கே அவர் செய்த நீதியைக் கேள். பலிக்குக் காளைகளையும் கடாக்களையும் ஓட்டிக்கொண்டு யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொண்டால் விடுகிறேன் என்று அந்தச் சிநேகிதர்களிடம் சொன்னார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடமே அனுப்பிவிட்டார்.

அதனால் லீவு போட்டுவிட்டு வா. மன்னிப்பென்று இன்னொரு கடிதம் எழுதாதே, உன் எழுத்தை அவள் பார்த்தது போதும். நம் வீட்டுக்கு வராமல் நேராக அவள் வீட்டுக்குப் போ, பக்கத்தில் தரையில் உட்கார், பையிலிருந்து வேதத்தை எடுக்காதே. நான் எழுதினது தப்பு என்று சொல், எனக்காக ஜெபி என்று கேள். மாட்டேன் என்றால் பேசாமல் உட்கார்ந்திரு. அங்கே குளிராம், கழுத்தை மூடிக்கொண்டு கிளம்பு, மாத்திரையை மறக்காதே. எப்போதும் இந்த இடத்தில் உனக்கு ஆசீர்வாதம் எழுதுவேன். இந்த முறை அது என்னிடம் இல்லை, உன் தங்கையிடம் போய் வாங்கிக்கொள்.

கோபம் ஆறாத
உன் அம்மா