கடவில் சாய்த்த பதினோரு மரங்கள்

செப்டம்பர் 14, வியாழன்

மழை விட்டுவிட்டது. மான்களுக்காக விதைத்த குளோவர் தீவனச் செடி கணுக்கால் உயரம் வந்திருக்கிறது. அரை ஏக்கர்தான், ஆனாலும் விஸ்கான்சினிலேயே இவ்வளவு பச்சை வேறெங்கும் இல்லை என்று எனக்கொரு நினைப்பு. காலையில் ஐந்து மான்கள் மேய்ந்தன. மூன்று பெண், இரண்டு குட்டி.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் பதினெட்டு ஏக்கரில் மான்கள் வரும், போகும், நிற்காது. இப்போது வடக்குச் சரிவில் பகலிலேயே படுக்கின்றன. எல்லாம் பாதி வெட்டின் மகிமை. மரத்தை நெஞ்சு உயரத்தில் முக்கால்வாசி அறுத்து, பட்டையும் கொஞ்சம் கட்டையும் மிச்சம் விட்டுச் சாய்க்க வேண்டும். மரம் சாகாது, படுத்தபடியே துளிர்க்கும். மானுக்கு அதுவே கூரை, அதுவே சாப்பாடு. ஒரே நிபந்தனை, மனிதன் உள்ளே போகக்கூடாது. நான் அந்தச் சரிவில் கால் வைத்து ஏழு மாதமாகிறது. வெர்லாவையும் விடுவதில்லை. கட்டிய பெண்டாட்டிக்கு இல்லாத மரியாதை மானுக்கு என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ரை தானியம் விதைக்க இரவல் வாங்கியிருந்த டிராக்டரையும் சட்டிக் கலப்பையையும் கழுவி, பக்கத்து நிலத்து ஆர்லிஸிடம் திருப்பிக் கொடுத்தேன். எழுபது வயதுப் பெண்மணி, என்னைவிடப் பன்னிரண்டு மூத்தவர். வாடகை என்று பேச்செடுத்தாலே முறைப்பார். வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லைக் கம்பி ஓரிடத்தில் பத்தடிக்குத் தரையோடு கிடக்கும். அறுந்துபோனது என்றே நினைத்திருந்தேன். இல்லையாம், மான் கால் மாட்டிச் சாகக்கூடாது என்று அவர் அப்பா வேண்டுமென்றே இறக்கிவிட்ட கடவாம் அது. அறுபது வருடமாக என் சரிவிலிருந்து அவருடைய ஓக் மேட்டுக்கு மான்கள் அந்த வழியாகத்தான் போகின்றனவாம். எதிரே தன் நிலத்தில் உள்ள பழைய கொட்டகையின் அஸ்திவாரத்தில் தான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் போதும் என்றார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

செப்டம்பர் 29, வெள்ளி

கடவை அடைத்துவிட்டேன்.

எழுதும்போது கெட்டதாகத் தெரிகிறது. செய்யும்போது அப்படித் தெரியவில்லை. மானை வரவழைப்பது எளிது, தங்க வைப்பதுதான் வேலை. பதினெட்டு ஏக்கர் வைத்திருப்பவன் ஓட்டையை அடைக்காவிட்டால், ஊட்டி வளர்த்ததெல்லாம் அடுத்தவன் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கும். என் பக்கத்தில் நின்ற பதினோரு ஆஸ்பென் மரங்களைப் பாதி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கடவின் குறுக்கே சாய்த்தேன். என் மரம், என் நிலம். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

ஆர்லிஸ் தன் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளாகப் பார்த்து வெட்டினேன். குற்றமில்லையென்றால் நாள் எதற்குப் பார்த்தாய், ஒரின்?

அக்டோபர் 12, வியாழன்

கடவுக்கு அந்தப் பக்கம் பார்க்க நான் மரத்தில் கட்டிய காமிராவில் பதிமூன்று நாளாக ஒரே ஓர் அணில்.

நவம்பர் 4, சனி

தேவாலயத்தில் சாப்பாடு. ஆர்லிஸும் அவர் தம்பி லோவெலும் எங்கள் மேசையில். லோவெலுக்கு மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கை போய்விட்டது. நாக்கு மட்டும் பத்துப்பேர் பலத்தோடு இருக்கிறது. அக்காள் சுடுவார், தம்பி ஒற்றைக் கையால் அரைத்துச் சாசேஜ் செய்வார். இரண்டு மான் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு அடுத்த இலையுதிர்காலம் வரை கறி. வேறு கறி அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

ஆர்லிஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, மேட்டில் ஓக் கொட்டைகள் தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடக்கின்றன, ஒரு குளம்படிகூட இல்லை, ஓநாய் வந்திருக்குமோ என்றார். இருக்கும் என்றேன். லோவெல் சிரித்தார். "ஓநாய் இல்ல, இவ சோப்பு. ராணி மாதிரி மணக்குறா, எந்த மான் வரும்?"

எல்லோரும் சிரித்தோம். வெர்லா சிரிக்கவில்லை. செப்டம்பரில் ரம்பச் சத்தம் கேட்டவள் அவள்தான்.

நவம்பர் 7, செவ்வாய்

ஆர்லிஸ் சோப்பை மாற்றிவிட்டாராம். வேட்டை உடுப்புகளைச் சமையல் சோடாவில் ஊறவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 18, சனி — வேட்டை தொடக்கம்

ஏழு பத்துக்குச் சுட்டேன். பத்துக் கிளைக் கொம்பன். இருபது வருடமாக இந்த மாதிரி ஒன்றைப் பரணிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சரிவிலிருந்த பெண்மான்களைத் தேடி வந்தவன். ஆக, எல்லாம் திட்டம் போட்டபடி.

இங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பக்கத்து நிலத்துக்காரர் மானை இழுக்கும் சறுக்குப் பலகையோடு வந்து நிற்க வேண்டும். கூப்பிட வேண்டியதில்லை. ஆர்லிஸ் அரைமணியில் வந்துவிட்டார். தன் முதல் நாள் காலையை, வருடத்தின் மிக நல்ல காலையை, என் மானை இழுக்கக் கொடுத்தார். கொம்பைத் தொட்டுப் பார்த்து, அழகன் என்றார். பொறாமையே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இழுத்துக்கொண்டு கடவுப் பக்கமாகப் போகும்போது நின்றார். மரக்குவியல்மேல் முந்தின நாள் பனி ஒரு சாண் கிடந்தது.

"காத்துல விழுந்துச்சா?"

"ஆமா. அக்டோபர்ல அடிச்ச காத்து."

கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

ஏன் சொன்னேன்? நான்தான் வெட்டினேன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? கடவுளே, அவங்க கையில என் மான் கயிறு இருக்கு, நான் காத்துங்கிறேன்.

நவம்பர் 20, திங்கள்

மூன்றாம் நாள். விடியும்போது பார்த்தேன், வாளிமேல் ஆர்லிஸின் வேட்டை உடுப்பு, ஓர் ஆரஞ்சுப் புள்ளியாக. இருட்டும்போது பார்த்தேன், அதே இடத்தில்.

நவம்பர் 21, செவ்வாய்

அதே.

நவம்பர் 23, வியாழன்

நன்றி கூறும் நாள். ஒரு பின்தொடையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆர்லிஸ் வீட்டுக்குப் போனேன். கொடுத்தால் நெஞ்சு லேசாகும் என்று கணக்கு.

லோவெல் அரைக்கும் எந்திரத்தைக் கழுவித் துடைத்து மேசைமேல் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் மிளகு, உப்பு, நூல்கண்டு. எல்லாம் இருக்கிறது, கறி மட்டும் இல்லை. ஆர்லிஸ் அடுப்பருகே காலை வெந்நீரில் வைத்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

லோவெல் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆர்லிஸ் ஈரக்காலோடு எழுந்து வந்து அதை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "உன் மான் உனக்கு. எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், கொஞ்சம் அதிக நேரம் பார்த்து. வீட்டில் வான்கோழியை வெட்டி வைத்துவிட்டு வெர்லாவும் அதே பார்வை பார்த்தாள். அவள் அத்தோடு விடவில்லை.

"கறியக் குடுத்தா சரியாப் போச்சா? உனக்குக் குடுக்கத் தெரியாதது வேற ஒண்ணு இருக்கு."

நவம்பர் 26, ஞாயிறு

வேட்டை முடிந்தது. ஆர்லிஸுக்கு ஒன்றுமில்லை. ஒன்பது நாள். அவர் வாழ்நாளில் முதல் தடவை என்று லோவெல் கடையில் சொன்னாராம். கண் மங்கிவிட்டது, இனி துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று அக்காள் பேசுகிறாராம்.

அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொம்பைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தேன். பிடுங்கிவிட்டேன். இப்போது சுவரில் ஓட்டை.

டிசம்பர் 8, வெள்ளி

நேற்று பெண்மான் வேட்டை தொடங்கியது. நாலே நாள். இந்த வருடத்தின் கடைசி வாய்ப்பு. ஆர்லிஸ் மறுபடி வாளிமேல்.

காலையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கடவுக்குப் போனேன். வேட்டை நாளில் ரம்பம் ஓட்டுபவனைப் பைத்தியம் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். நான்காவது மரத்தை அறுக்கும்போது அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அணைத்தேன். ஆர்லிஸ் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பிக்கு அப்பால் நின்றார். இந்த வாரம் வெயிலடித்துப் பனியெல்லாம் வழிந்துவிட்டது. பதினோரு அடிமரங்களும் நெஞ்சு உயரத்தில், பதினோரு வெட்டும் ஒரே பக்கம் பார்த்து.

"காத்து இல்ல, ஆர்லிஸ். நான்தான் வெட்டினேன். நீங்க வழியச் சொன்ன ரெண்டாவது வாரம்."

"தெரியும். அன்னிக்கே பனியத் தள்ளிப் பாத்துட்டுத்தான் போனேன்."

ரம்பத்தைக் கீழே வைத்தேன். அவர்தான் பேசினார். "மரம் வெட்டினதுக்கு இல்ல. உன் நிலம், வெட்டு. காத்துன்னு சொன்னியே, அதுக்குத்தான். இருபது நாளா நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை. திரும்பி நடந்தவர் நின்று இன்னொன்றும் சொன்னார். "வசந்தத்துல டிராக்டர் வேணும்னு வராத."

மிச்ச ஏழு மரத்தையும் இருட்டுவதற்குள் அறுத்து ஒதுக்கினேன். அவர் கண் மங்கவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. துப்பாக்கியை விற்கும் பேச்சு லோவெல் என் காதுக்கு எட்டட்டும் என்று விட்டதோ என்னவோ.

டிசம்பர் 9, சனி

கடவு திறந்திருக்கிறது. ஒன்றும் போகவில்லை. ஏன் போகும்? என் சரிவில் தங்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. உணவு, கூரை, மனித வாடையே இல்லாத நிம்மதி. வழியை மூடியது ஒரு நாள் வேலை. பழக்கத்தை மாற்றியது இரண்டு வருட வேலை. அது ரம்பத்துக்கு அறுபடாது.

நாளை கடைசி நாள். வடமேற்குக் காற்று என்கிறார்கள்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஆர்லிஸுக்கு நேற்றே போன் செய்து, எட்டு மணிக்குச் சரிவுக்குள் நுழைந்து மான்களைக் கலைக்கிறேன், கடவைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் மேலேயே நின்றுவிடுவேன், கீழே சுடலாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

எட்டு மணிக்கு மேல்கோடியிலிருந்து உள்ளே போனேன். பத்து மாதமாக நானே நுழையாத இடம். வேண்டுமென்றே காபியும் வியர்வையும் நாற, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, கிளைகளை ஒடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் நின்றேன். படுக்கைக் குழிகள் இன்னும் சூடாக இருந்தன. கையை வைத்துப் பார்த்தேன். ஏழு. இனி இந்தச் சரிவை அவை சீக்கிரம் நம்பாது. இரண்டு வருடம் போச்சு. போகட்டும்.

ஒரு வெடி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு கடவுக்கு ஓடினேன். ஓடியவன் கம்பியைத் தாண்டவில்லை. தாண்ட என்ன உரிமை? அந்தப் பக்கம் இரண்டு பெண்மான்கள் கிடந்தன, ஆர்லிஸ் ஒன்றின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் நின்றேன், ஸ்கூலில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி. கத்தியைக் காய்ந்த புல்லில் துடைத்து உறையில் போட்டார். அப்புறமும் பார்த்தார்.

"நிக்கிறதுக்கா வந்த? வந்து பிடி."

வீடு வரை இரண்டு நடை இழுத்தோம். லோவெல் வாசலில் ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் காபி வேண்டுமா என்று கேட்கவும் இல்லை, தரவும் இல்லை. திரும்பி வரும் வழியில் அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 13, சனி

மண் இளகிவிட்டது. அரை ஏக்கரையும் பல் வைத்த கைவாரியால் கீறிக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாம் நாள், இன்னும் பாதிகூட முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். டிராக்டரைப் போய்க் கேளேன் என்கிறாள் வெர்லா. கேட்க மாட்டேன். வராதே என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னது நியாயம்.

சரிவில் ஒரே ஒரு பெண்மான், வயிறு பெருத்து. மற்றவை போய் வருகின்றன. கடவில் குளம்படிகள் இரண்டு பக்கமும் போகின்றன.

மத்தியானம் போன் வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவை. லோவெல்தான், ஆனால் பின்னால் ஆர்லிஸ் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காத்து பலமா அடிக்குமாம் ஒரின். மரமெல்லாம் கெட்டியா நிக்குதான்னு உன்னக் கேக்கச் சொன்னா அக்கா."

காது வரை சூடாகிவிட்டது. அந்த வீட்டில் யாராவது ஒருவர் உயிரோடு இருக்கும் வரை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன். கெட்டியாக நிற்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். பாத்திரச் சத்தம் நின்றது. லோவெல் அந்தப் பக்கம் திரும்பி அதை அப்படியே சொன்னார், ஆர்லிஸ் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு போய் மாலை வரை மண்ணைக் கீறினேன்.