யாரும் வழியனுப்பாத விருந்தாளி

டோவா மலை, மலாவி
ஜனவரி 11

எங்கள் பிள்ளைகளின் வாயில் மலீத்தாவாகிப்போன மாரித்துக்கு, எஸ்னார்ட் அம்மா எழுதுவது. நீ நல்லபடி கண்விழித்தாய் என்றால் நாங்களும் நல்லபடி கண்விழித்தோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. இந்தப் புழுக்கத்தில் கம்பளிக் காலுறையை யார் போடுவது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பையன்கள் அவற்றைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடிவிட்டார்கள். மழை பிந்தி வந்தாலும் மனம்வைத்துப் பெய்கிறது. சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. உங்கள் நார்வேயிலிருந்து புதிதாக இரண்டு பெண்கள் ஊழியத்துக்கு வந்திருக்கிறார்கள். வந்த மறுநாளே சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டார்கள். நீ அடித்த நீலத்தின்மேல் இப்போது மஞ்சள் ஏறுகிறது. சமையல்கார ஃபேனி, "நம்ம புள்ளைங்களுக்குக்கூட வருஷா வருஷம் புதுச் சட்டை கெடையாது, இந்தச் சுவத்துக்கு மட்டும் தவறாம கெடைச்சிடுது" என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே. வந்தவர்களில் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து பிள்ளைகளோடு களி தின்றவள் நீ ஒருத்திதான் என்பதையும் அவளேதான் சொல்கிறாள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். தமந்தாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆறு மாதம் இந்த இல்லம் முழுக்க உன் சுண்டுவிரலை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தாளே, அந்த ஏழு வயதுக்காரிக்கு உறவு கிடைத்திருக்கிறது. பெரியம்மா, இறந்துபோன தாயின் கூடப்பிறந்த அக்காள். பெயர் ஸியோனே. இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்று உனக்குக் கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன், கொஞ்சம் சுடச்சுடவே கேட்டேன். ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டுவேலை செய்திருக்கிறாள். தங்கை செத்த செய்தியே ஒரு வருஷம் கழித்துத்தான் எட்டியிருக்கிறது. பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு இல்லங்களின் கதவைத் தட்டிவிட்டு ஐந்தாவதாக எங்களிடம் வந்தாள். இப்போது ஏரிக்கரையில் மீன் உலர்த்தி விற்கிறாள். குழந்தை நல அதிகாரி போய் வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், பாஸ்டரும் சம்மதித்துவிட்டார். அந்தக் காகிதமெல்லாம் எனக்கு எதற்கு? அவளுக்கும் பிள்ளைக்கும் முன்பல்லில் ஒரே இடைவெளி.

ஆனால் பிள்ளை போகமாட்டேன் என்கிறாள்.

ஸியோனே மூன்று முறை வந்துவிட்டாள். முதல்முறை கருவாடு கொண்டுவந்தாள், அடுத்த முறை பூப்போட்ட துணி. மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "புள்ள வேண்டாம்னா நான் என்ன பண்றது அம்மா? கோழியைப் பிடிக்கிற மாதிரி காலைக் கட்டித் தூக்கிட்டா போக முடியும்? இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன். அப்பவும் மாட்டேன்னா, என்னை அவளுக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சுக்கறேன்" என்றாள். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வருகிறாள். அதற்குமேல் வரமாட்டாள். அவளுக்கும் ரோசம் உண்டு.

தமந்தாவுக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். பிறகு ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. போன வாரம்தான் விளங்கியது.

நீ சாப்பிட்ட பச்சைத் தட்டு நினைவிருக்கிறதா, ஓரம் பெயர்ந்தது? மத்தியானம் தோறும் அதை எடுத்துவந்து, தன் களியில் ஒரு துண்டு கிள்ளி அதில் வைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். விளையாட்டு என்று விட்டிருந்தோம். அன்று மடியில் உட்காரவைத்து, மலீத்தா போய்ப் பத்து மாதம் ஆகிறதே கண்ணே, இன்னும் ஏன் தட்டு என்று கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மலீத்தா எங்க போனா? யாரு வழியனுப்பினா? நீங்க அனுப்பினீங்களா? ஃபேனி அம்மா அனுப்பினாங்களா? மாமரம் வரைக்கும் யாருமே போகலையே" என்றாள்.

மாரித், இது உன் பிழை மட்டும் என்றால் இந்தக் கடிதம் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்புங்கள், அழுகை மிச்சமாகும் என்று உன்னை அனுப்பிய சங்கத்தின் தாளில் எழுதியிருந்தது. எனக்கும் அது வசதியாகப்பட்டது. பத்தொன்பது முகங்களின் கண்ணீரை அன்று துடைக்க எனக்குத் தெம்பில்லை. காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னவளே நான்தான். உப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரியைக்கூடப் பாதி வழி கொண்டுவிட்டுத் திரும்புகிற ஊர் இது. இங்கே சொல்லாமல் போகிறவன் திருடன் ஒருவன்தான். செத்தவர்களைக்கூட நாங்கள் தனியாக அனுப்புவதில்லை. இந்த மண்ணில் பிறந்த எனக்கு அது அன்று தோன்றவில்லையே என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு அட்டை அனுப்புகிறாய். "சீக்கிரம் வருவேன், அங்கேயே காத்திரு" என்று ஒவ்வொன்றிலும் எழுதுகிறாய். ஒன்பது அட்டைகளும் அவள் கட்டிலுக்கு மேலே இருக்கின்றன. எழுதும்போது நீ மனதார நம்பித்தான் எழுதினாய், சந்தேகமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகிவிட்டது, ஜூனில் கல்யாணம் என்று எனக்கு எழுதுகிறாய். எனக்கு எழுதியதை அவளுக்கு ஏன் எழுதவில்லை? அவள் நீ சொன்ன சொல் தவறாமல் இங்கேயே காத்திருக்கிறாள். தன் சொந்த ரத்தம் வாசலில் வந்து நிற்க, உனக்காகக் காத்திருக்கிறாள்.

நாங்கள் ஒன்று தீர்மானித்திருக்கிறோம். நீ விட்டுப்போன அந்த மஞ்சள் மழைக்கோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலையில், ஸியோனே வருவதற்கு முன்னால், தமந்தா அதைத் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் பாடிக்கொண்டு வருவார்கள். மாமரத்து முனை வரைக்கும் போய் உன்னை வழியனுப்புவோம். பாஸ்டர் முதலில் முகம் சுளித்தார், பிறகு தாமே ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மழைக்கோட்டை என்ன செய்வது என்று ஃபேனி கேட்டாள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறவளுக்கு மழையில் ஆகட்டும் என்றேன்.

ஆனால் ஒன்று எங்கள் கையில் இல்லை. வழியனுப்ப வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டியவர் விருந்தாளிதான். அவர் சொல்லும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். என் அம்மாவின் சிநேகிதி பேச்சு வாக்கில் அதைச் சொல்ல மறந்து, என் அம்மா அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சொல்லை நான் உனக்காகச் சொல்ல முடியாது. சொன்னால் தமந்தா ஏற்கமாட்டாள்.

ஆகையால் உன் கையால் எழுது. பாஸ்டர் இந்தக் கடிதத்தை இன்றே படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறார், நீயும் அப்படியே அனுப்பு. உன் எழுத்தின் சுழிப்பை அவள் அறிவாள். வருவேன் என்று எழுதாதே. ஒருநாள் பார்க்கலாம் என்றும் எழுதாதே. அவளுக்கு ஒருநாள் என்றால் நாளைக்கு. போய் வருகிறேன் என்றுகூட வேண்டாம் மகளே, போகிறேன் என்று எழுது. அப்புறம், இவ்வளவு தூரம் வந்தது போதும், உன் பெரியம்மா காத்திருக்கிறாள், திரும்பிப் போ என்று எழுது.

எழுதும்போது உனக்கு அழுகை வரும். வரட்டும். அன்று விடிகாலையில் நாம் மிச்சம் பிடித்த அழுகைதான் அது.

ஜூனில் உன் கைபிடிக்கிறவன் உன்னைப்போலவே மண்ணில் உட்காரத் தெரிந்தவனாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். நானும் அன்று உன்னை வழியனுப்பவில்லை, அதனால் அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் நடப்பேன். முட்டிவலிக்காரி. அதிக தூரம் நடக்கவைக்காதே, எங்களைச் சீக்கிரம் திரும்பச் சொல்.

நல்லபடி போ, மகளே.

எஸ்னார்ட் அம்மா